பொறுமையின் பெயரால்

கர்த்தருக்குக் காத்திருத்தல் கிறிஸ்தவ வாழ்வின் தலையாய பண்புகளுள் ஒன்று என்பர். ஞாயிறுதோறும் பிரசங்க பீடங்களிலிருந்து இப்போதனை ஒலிக்கிறது. தியான நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. செபக் கூட்டங்களில் கண்ணீரோடு இது பாடப்படுகிறது. நோயாளிக்கும், வேலையிழந்தவனுக்கும், மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் ஒரே மருந்துதான்: அவருடைய வேளை வரும், அதுவரை பொறுத்திரு.

இப்பண்பை எள்ளி நகையாட நாம் இங்கு முற்படவில்லை. மதம் என்றதும் அபின் என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அது ஆராய்ச்சியாகாது, சோம்பலாகும். பல்லாயிரம் ஏழை மக்கள் இடிந்து விழாமல் நிமிர்ந்து நிற்பதற்கு இந்த நம்பிக்கையே தூணாக இருக்கிறது என்பதை அவர்களோடு பழகிய எவரும் அறிவர். அத்தூணைத் தட்டிப் பார்க்கும் உரிமை நமக்கில்லை. ஆனால், அதன் நிழலில் வேறு சிலர் வந்து இளைப்பாறுகிறார்களே, அவர்களைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

நாம் வினவ விரும்புவன மூன்று. காத்திரு என்று சொல்பவன் யார்? யாரைப் பார்த்துச் சொல்கிறான்? யாருக்காகக் காத்திருக்கச் சொல்கிறான்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் பொறுமையைப் போதிப்பது, வழக்கை விசாரியாமல் தீர்ப்புரைப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் போதகர்கள் தம் சான்றாகக் காட்டும் வேதத்திற்கே செல்வோம். நீடிய பொறுமைக்கு மேற்கோளாக எடுத்தாளப்படும் பகுதிகளுள் யாக்கோபின் நிருபத்து ஐந்தாம் அதிகாரம் முக்கியமானது. நிலத்தின் பலனுக்காகவும் முன்மாரி பின்மாரிக்காகவும் காத்திருக்கும் உழவனை அது உவமை காட்டுகிறது. அழகிய உவமைதான். எனினும் அவ்வுவமை வருவது ஏழாம் வசனத்தில். அதற்கு முன்னுள்ள ஆறு வசனங்களையும் எத்தனை பேர் பீடத்தில் நின்று வாசிக்கிறார்கள்? வயலறுத்த கூலியாட்களின் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வர்களை நோக்கிய கடுங்கண்டனம் அவ்வசனங்கள். கொடுபடாத கூலியே குரலெழுப்புகிறது என்றும், அக்குரல் கடவுளின் செவியை எட்டிவிட்டது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. பொறுமையைப் பற்றிய அறிவுரை இக்கண்டனத்தின் தொடர்ச்சியாக, ஆகையால் என்னும் பொருள்பட வருவது. கூலி பறிபோனவனுக்கு நீதிபதி வாசலில் வந்து நிற்கிறார் என்று தரப்பட்ட ஆறுதல் அது. கூலியைப் பறித்தவன் நிம்மதியாக உறங்குவதற்குத் தரப்பட்ட உத்தரவாதமன்று.

அதிகாரத்தை நடுவில் வெட்டி, பின்பாதியை மட்டும் ஏழைக்கு வாசித்துக் காட்டுவதற்குப் பெயர் என்ன? நம் நாட்டு மலையகத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் வரும்வரை, அதாவது 2003 வரை, காத்திருக்க நேர்ந்தது. 55 ஆண்டுகள்! நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளம் என்ற கோரிக்கைக்காகப் பல ஆண்டுகள் கொடிபிடித்த பின்னர், 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறக் கண்டனர். அடுத்த ஆண்டே நாடு வங்குரோத்தாகி, விலைவாசி ஏறிய வேகத்தில் அத்தொகையின் பெறுமதி கரைந்தொழிந்தது. அத்தோட்டங்களிலும் தேவாலயங்கள் உண்டு. அங்கும் உழவனின் பொறுமை போதிக்கப்பட்டதுண்டு. கொழுந்து பறித்தவளின் கூலி எழுப்பிய குரல் எத்தனை பீடங்களில் எதிரொலித்தது என்பதே நம் கேள்வி.

உழவன் காத்திருக்கிறான் என்பது மெய். ஆயின் அவன் உழுதுவிட்டுக் காத்திருக்கிறான், விதைத்துவிட்டுக் காத்திருக்கிறான். வரப்பில் படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பவனை எந்த ஊரிலும் உழவன் என்று அழைப்பதில்லை.

இன்னொரு பகுதியையும் நோக்குவோம். செங்கடலின் முன்னே இஸ்ரவேலர் அஞ்சி நின்றபோது, பயப்படாதிருங்கள், சும்மாயிருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மோசே கூறினான். இவ்வாசகம் சுவர்ப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் இடம்பெற்றுவிட்டது. அதற்கு அடுத்த வசனம் எந்த நாட்காட்டியிலும் இடம்பெறுவதில்லை. அங்கே கடவுளே மோசேயை நோக்கி, ஏன் என்னிடம் முறையிடுகிறாய், மக்களை முன்னே நடக்கச் சொல் என்று பணிக்கிறார். சும்மாயிருக்கச் சொன்னது மனிதன். நடக்கச் சொன்னது கடவுள். எபிரேய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'திக்வா' என்ற சொல்லே, எரிகோவில் ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றையும் குறிக்கிறது. நம்பிக்கை என்பது இறுகப் பிடித்துக்கொள்ளும் கயிறு. கையைக் கட்டிப்போடும் கயிறன்று.

இயேசு கூறிய கதைகளுள்ளும் காத்திருத்தலுக்குரிய கதை ஒன்றுண்டு. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத ஒரு நீதிபதி. அவனிடம் நீதி கேட்டு ஓயாமல் வந்து நிற்கும் ஒரு விதவை. அவளுடைய தொல்லை தாளாமலே அவன் கடைசியில் நீதி வழங்குகிறான். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் செபிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கதையை அவர் கூறினார் என்கிறார் லூக்கா. செபத்திற்கு இயேசு காட்டிய உருவம், கண்மூடி அமர்ந்த துறவியன்று. நீதிமன்ற வாசலை விட்டு அகலாத கைம்பெண். இந்த உருவத்தை நம் கண்முன் காணவேண்டுமாயின் பலஸ்தீனத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. மருதானைக்குச் சென்றாலே போதும்.

மருதானை டீன்ஸ் வீதியில் சமூக சமய நடுநிலையம் இருக்கிறது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த வண. திஸ்ஸ பாலசூரிய 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. சமயத்தைச் சமூக நீதியிலிருந்து பிரித்தல் ஆகாது என்பதே அவருடைய வாழ்நாள் வாதம். 1990இல் மரியாளைப் பற்றி அவர் எழுதிய நூல், அவரை 1997 சனவரியில் திருச்சபையினின்றே விலக்கிவைக்கும் அளவுக்கு உரோமாபுரியைச் சினங்கொள்ள வைத்தது. ஓராண்டின் பின் அத்தடை நீக்கப்பட்டது. நூலின் பல கருத்துக்களைக் குறித்து இறையியலாளர் வாதிடட்டும். நம் கவனத்துக்குரியது ஒன்றே: பணிவும் மௌனமுமே உருவான பெண்ணாக மரியாளை வரைந்து வந்த மரபை அவர் மறுத்தார். துன்பத்தினூடே நின்ற, வலியோரின் வீழ்ச்சியைப் பாடிய, உறுதிமிக்க பெண்ணாக அவளைக் கண்டார். தாய்மாருக்குப் போதிக்கப்படும் பொறுமைக்கு மரியாளே முன்மாதிரி என்பதால், அம்முன்மாதிரியின் முகத்தைத் திருத்தி வரைவது சிறிய செயலன்று.

அந்நிலையத்தில் 2014 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஒரு கூட்டம் நடந்தது. போரிலும் போரின் முடிவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர், பெரும்பாலும் பெண்கள், வடக்கிலிருந்து நெடுந்தூரம் பயணஞ்செய்து வந்து தம் கதையைச் சொல்லக் கூடினர். வெளிநாட்டுத் தூதரகங்களைச் சேர்ந்தோரும் கேட்க வந்திருந்தனர். பிக்குகள் முன்னின்ற ஒரு கும்பல் மண்டபத்தினுள் புகுந்து கூச்சலிட்டது. காவல்துறை வந்தது. வந்து, புகுந்தவர்களை அப்புறப்படுத்திக் கூட்டம் தொடர வழிசெய்ததா? இல்லை. கூட்டம் கைவிடப்பட்டது. பேச வந்தவர்கள் பேசாமலே திரும்பினர்.

இந்தப் பெண்களைப் பார்த்துத்தான் பொறுமையாயிருங்கள் என்று இந்நாடு கூறுகிறது. பொறுமையைப் பற்றி அவர்களுக்குக் கற்பிக்க எவருக்குத் தகுதியுண்டு? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்னே தொடங்கிய அவர்களது போராட்டம் மழையிலும் வெயிலிலும் ஆண்டாண்டாகத் தொடர்ந்தது. கையில் ஒரு நிழற்படம். வாயில் ஒரே வினா: எங்கே? இந்துத் தாயும் கிறிஸ்தவத் தாயும் ஒரே கொட்டகையில் அமர்ந்தனர். அவ்வினாவுக்கு விடை கிட்டாமலே கண்ணை மூடிய பெற்றோர் பலர்.

அவர்கள் தேடுவோருள் ஒரு குருவானவரும் உண்டு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த வண. பிரான்சிஸ் யோசேப்பு, 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தோருடன் சென்றவர், திரும்பி வரவில்லை. அல்லைப்பிட்டியில் பங்குத்தந்தையாயிருந்த வண. ஜிம் பிரவுண் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார், அவரும் திரும்பவில்லை. தன் குருமாரையே தேடிக்கொண்டிருக்கும் ஒரு திருச்சபை, காத்திருத்தலைப் பற்றிப் பேசுமுன் அச்சொல்லின் எடையை அறிந்திருக்க வேண்டாமா?

காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் இயங்கத் தொடங்கியது 2018இல். 2020 சனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம் கூறினார். மரணச் சான்றிதழ் தரலாமாம்! எப்படி இறந்தனர், எங்கே இறந்தனர், யார் கையில் இறந்தனர் என்பவற்றுக்கு விடையில்லை. பத்தாண்டுக்கு மேல் காத்திரு என்று கூறிய அரசு, பின்னர் காத்திராதே, கையெழுத்திட்டுக் கடதாசியைப் பெற்றுக்கொள் என்றது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: கேள்வி அடங்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் நம் மூன்றாவது வினாவின் கூர்மை தெரிகிறது. யாருக்காகக் காத்திருப்பது? கடவுளுக்காகக் காத்திருப்பது ஒன்று. ஆணைக்குழுவுக்காகக் காத்திருப்பது மற்றொன்று. அமைச்சரின் வசதிக்கும், தேர்தலின் காலக்கணக்குக்கும், கோப்பு நகரும் வேகத்துக்கும் கடவுளின் வேளை என்று பெயரிடுவது பக்தியன்று. வேதத்தின் பாஷையிலேயே கூறுவதானால், அது விக்கிரக வழிபாடு. கடவுளுக்குக் காத்திருப்பவன் அரசுக்குக் காத்திருக்க மறுப்பான். அவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் போதகன், தான் அறிந்தோ அறியாமலோ, அரசின் எழுதுவினைஞனாகிறான்.

அப்படியானால் பொறுமை என்பதற்கு மெய்ப்பொருள் இல்லையா? உண்டு. அதனை இந்நாடு கண்ணாரக் கண்டதுமுண்டு. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் வெடித்தனர். 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். செவ்வாய்க்கிழமைதோறும் தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவரும் பிற மதத்தினரும் மெழுகுதிரி ஏற்றும் கோவில் இரத்தக் காடாயிற்று. மட்டக்களப்பில் மாண்டவருள் பலர் ஞாயிறு பாடசாலைக் குழந்தைகள்.

அன்று பழிவாங்கும் வெறி கிளர்ந்திருக்குமாயின் இத்தீவு மற்றொரு 1983ஐக் கண்டிருக்கும். அடுத்த மாதமே குருநாகல், கம்பகா மாவட்டங்களில் முஸ்லிம் மக்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் காடையர் தாக்கியதிலிருந்து அந்த அபாயம் எத்துணை அண்மையில் இருந்தது என்பது புலனாகும். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் மக்களை அமைதி காக்கும்படி மீண்டும் மீண்டும் வேண்டினார். தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த மக்கள் அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தனர். இதுவே பொறுமை. அடிபட்டவன், திருப்பி அடிக்கும் கையைத் தானே தாழ்த்திக்கொண்டான். அதற்குமுன் நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால், அம்மக்கள் கைவிட்டது பழியை, நீதியை அன்று. இவ்வேறுபாடே நம் கட்டுரையின் உயிர்நாடி. 2021 மார்ச் 7ஆம் நாளைக் கறுப்பு ஞாயிறாக அனுட்டித்துக் கறுப்புடை தரித்துத் திருப்பலிக்குச் சென்றனர். 2022 மார்ச்சில் கர்தினாலே ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவையில் முறையிட்டார். பாதிக்கப்பட்டோரும் பிறரும் தொடுத்த வழக்குகளில், 2023 சனவரி 12 அன்று உயர்நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் வாளாவிருந்த உயரதிகாரிகளும் தப்பவில்லை. அத்தொகையைக் கட்டி முடிக்க முன்னாள் ஜனாதிபதி கால அவகாசம் கேட்டார் என்பதையும் இங்கு குறிப்பிடாமல் விடலாகாது. காத்திருத்தலின் அருமை ஆண்டவருக்கும் ஒருநாள் புரிகிறதன்றோ!

திருச்சபை இதில் செய்தது சரி. முற்றிலும் சரி. பொறுமையும் போராட்டமும் ஒன்றையொன்று விலக்கா என்பதை அது தன் செயலால் நிறுவியது. ஆயினும், வாசகர்களே, இதே கர்தினால் 2012இல் என்ன நிலைப்பாட்டை எடுத்தார்? வன்னியில் மாண்டோருக்கும் காணாமற்போனோருக்கும் பொறுப்புக்கூறல் வேண்டி அதே ஜெனீவாவில் தீர்மானம் கொணரப்பட்டபோது, அது நாட்டின் இறைமையில் தலையிடுவதாகும் என்று அவர் எதிர்த்தார். உள்நாட்டுப் பொறிமுறைக்கு இடமளிக்க வேண்டும் என்பதே அன்றைய வாதம். அதே வேளையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பும் வடபுலக் குருமாரும் அப்பேரவைக்குக் கடிதமெழுதி நீதி கேட்டனர். ஒரே திருச்சபை, ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே சிலுவை. கிளிநொச்சித் தாய்க்கு உள்நாட்டுப் பொறிமுறையின் வேளை வரும்வரை பொறுமை. கொச்சிக்கடைத் தாய்க்கு ஜெனீவா!

இதனை நாம் ஒரு மனிதரைத் தாக்குவதற்காகக் கூறவில்லை. தம் மந்தை வெட்டுண்டபோது அம்மேய்ப்பரின் கண் திறந்தது. திறந்த கண்ணை நாம் வரவேற்கிறோம். ஆனால், தன் வீட்டில் பிணம் விழும்வரை அடுத்த வீட்டுக்குப் பொறுமையைப் போதிப்பது ஒரு தனிமனிதனின் குறையன்று; இந்நாட்டுப் பெரும்பான்மை மனத்தின் நோய். கொச்சிக்கடையில் மாண்டவருள் தமிழரும் இருந்தனர். அத்தமிழ்த் தாயும் கிளிநொச்சித் தமிழ்த் தாயும் அழும் மொழி ஒன்றே. ஒருத்தியின் அழுகையை நீதிக்கான முறையீடென்றும், மற்றொருத்தியின் அழுகையை நாட்டுக்கெதிரான சதியென்றும் பிரித்துக் கேட்கும் செவி எத்தகைய செவி?

பொறுமைப் பிரசங்கம் கோவிலுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையோடு கூறவேண்டும். சமதர்மம் மலர்ந்தால் மொழிப் பிரச்சினையும் மலர்ந்த பூவோடு தீர்ந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று நம் முற்போக்கு மேடைகளும் முழங்கியதுண்டு. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாதிட்ட கொல்வின் ஆர். டி சில்வா, அமைச்சராயிருந்து 1972 அரசியலமைப்பை உருவாக்கியபோது, சிங்களமே அரசகரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. வருங்காலச் சொர்க்கத்தைக் காட்டி நிகழ்கால அநீதியைப் பொறுக்கச் சொல்பவன் செங்கொடி பிடித்திருந்தாலும் சிலுவை பிடித்திருந்தாலும் செய்யும் வேலை ஒன்றே.

கடல்கடந்தும் இதே கதைதான். 1963 ஏப்பிரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில், நிறவெறிக்கெதிரான ஆர்ப்பாட்டங்கள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று எட்டு வெள்ளையின மதத்தலைவர்கள் அறிக்கை விடுத்தனர். அவர்களுக்குச் சிறையிலிருந்து விடையெழுதினார் மார்ட்டின் லூதர் கிங். அவரும் ஒரு போதகர். கடவுளுக்குக் காத்திருப்பதை அந்த எட்டுப் பேரைவிடக் குறைவாக அறிந்தவரல்லர். அறிந்திருந்தமையாலேயே மனிதர் குறித்துக்கொடுக்கும் நாளுக்குக் காத்திருக்க அவர் மறுத்தார்.

ஒரு மறுப்பு எழலாம். எல்லாத் துன்பமும் அரசாங்கத்தால் வருவதில்லையே. தீராத நோயும், முதுமையும், மரணமும் உண்டே. அங்கே காத்திருப்பதைத் தவிர மனிதன் வேறென்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, தன் கடவுளை நோக்கி, உம்முடைய வேளைக்காக இருக்கிறேன் என்று ஒருவர் கூறும்போது அச்சொல்லின் முன் வாதம் புரிய நமக்கு வாயில்லை. அது அவர் தமக்குத் தாமே கூறிக்கொண்டது. தன் துன்பத்தைப் பொறுக்க ஒருவர் முடிவுசெய்யலாம். பிறர் துன்பத்தைப் பொறுக்கும் பொறுமை என்று ஒன்றில்லை. அதற்குப் பெயர் அலட்சியம். பொறுமை என்பது தானே எடுத்து அணியும் ஆடை. பிறர் கழுத்தில் மாட்டும்போது அது நுகத்தடியாகிவிடுகிறது.

ஆகவே மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், தலைநகரின் ஏனைய பீடங்களிலும் நின்று பிரசங்கிப்போரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தை ஏழாம் வசனத்திலிருந்தன்று, முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொச்சிக்கடைக்காக ஏற்றும் மெழுகுதிரியோடு வட்டுவாகலுக்காகவும் ஒன்று ஏற்றுங்கள். ஏப்பிரல் 21க்காகக் கேட்கும் நீதியை அதே மூச்சில் மே 18க்காகவும் கேளுங்கள். காத்திரு என்று ஒரு தாயிடம் கூற நேரின், முதலில் அவளுடைய கொட்டகையில் ஒரு பகல் முழுதும் அவளருகே அமருங்கள். அவள் கையிலுள்ள படத்தை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ளவனின் பெயரைக் கேளுங்கள். அதன் பின்னும் அச்சொல் உங்கள் வாயில் எழுமாயின் கூறுங்கள்.

நீதிபதியின் வாசலை விட்டு அகலாத அந்தக் கைம்பெண்ணுக்கு எவரும் பொறுமையைக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கற்க வேண்டியிருந்தவன் நீதிபதி.